பிராக் நகருக்கு நான்கு நாள் செல்வோருக்குச் சில குறிப்புகள்

பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் எங்கள் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். யார் மேடான் போகிறார், யார் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறார், யார் கேமரன் மலையோடு நிறுத்திக்கொள்கிறார் என்று தேநீர் வேளை முழுவதும் அதுவே ஓடும். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், இடைக்கால விடுமுறையின்போது, நானும் என் கணவரும் அறுபத்தெட்டு வயதான என் தாயாரும் செக் நாட்டின் தலைநகரமான பிராக் நகருக்குச் சென்று நான்கு நாள் தங்கி வந்தோம். திரும்பி வந்த நாள் முதல் சக ஆசிரியர்களும், பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் சிலரும், "சாப்பாடு எப்படி டீச்சர்? அம்மாவால நடக்க முடிஞ்சதா? பாஷை தெரியாம எப்படிச் சமாளிச்சீங்க?" என்று கேட்டவண்ணம் உள்ளனர். ஆளுக்கொரு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒருசேர எழுதுகிறேன். செலவுக் கணக்கு மட்டும் என் கணவரிடம் இருக்கிறது. அதை நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த பயணம் இல்லாமல் போகும் என்ற அச்சம்தான்.

முதலில், ஏன் பிராக் என்று பலர் வியந்தனர். ஐரோப்பா என்றால் இலண்டன், பாரிசு என்றுதானே நம்மவர் தொடங்குவர். பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்த விரிவுரையாளர், வகுப்பில் யாராவது சங்கப் பாடலைக் கண்டு சலித்துக்கொண்டால் உடனே கமில் சுவெலபில் என்ற பெயரைச் சொல்வார். பிராக் நகரில் பிறந்து, அங்கேயே இருந்துகொண்டு தமிழ் கற்று, பிறகு அங்கேயே தமிழ் கற்பித்தவர். "அவருக்கு வந்தது உங்களுக்கு வராதா?" என்பார். அந்த ஊர்ப் பெயர் அப்போதே மனத்தில் ஒட்டிக்கொண்டது. மற்றபடி நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஊர் கைக்கு அடக்கமானது. பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஆற்றின் இரு கரைகளிலும் நடந்து போகும் தொலைவில் உள்ளன. நான்கு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க இயலாதவர்களுக்கு இது பெரிய வசதி.

கோலாலம்பூரிலிருந்து நேரடி வானூர்தி கிடையாது. தோகா, துபாய், இசுதான்புல் போன்ற ஓர் இடத்தில் மாறிச் செல்ல வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உடையவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை; எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் கடவுச்சீட்டு, நாம் அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நாங்கள் சென்றபோது பக்கத்தில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். 2025 அக்டோபர் முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப் படமும் பதிவு செய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டு வந்துள்ளனர். ஆகவே முதல் நுழைவில் வரிசை நீளும் என்று எதிர்பாருங்கள். இணைப்பு வானூர்திக்கு இடையில் போதிய நேரம் விட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். இது தவிர, விசா தேவைப்படாதவர்களும் முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி பெற வேண்டும் என்ற திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டுள்ளது. கிளம்புமுன் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரத்துவ அகப்பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அதே பெயரில் காசு பறிக்கும் போலித் தளங்களும் உள்ளன.

பெட்டி கட்டும்போது தாய்மார்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. என் தாயார் ஆசையாக எடுத்து வைத்திருந்த நெய்ப் புட்டியைக் கடைசி நேரத்தில் வெளியே எடுத்து வைத்தேன். வீடு திரும்பும் வரை அந்த நெய்யைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. மிளகுப் பொடி, புளி, பருப்பு ஆகியவை எங்களோடு சிக்கலின்றி வந்தன. மின்செருகியும் வேறு, நம்முடைய மூன்று முனைச் செருகி அங்கே நுழையாது. இரண்டு உருண்டை முனை கொண்ட மாற்றி ஒன்று வேண்டும். வானூர்தி நிலையத்தில் வாங்காமல் இங்கேயே வாங்கிக்கொண்டால் பாதி விலை.

இறங்கியதும் வாடகை மகிழுந்தைத் தேட வேண்டாம். வானூர்தி நிலைய வாசலிலேயே 59ஆம் எண் மின்கம்பிப் பேருந்து நிற்கும். அது நாத்ராஷி வெலெசுலாவின் என்ற நிலையத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து பச்சை நிறச் சுரங்கத் தொடர்வண்டி நகர நடுவுக்குச் செல்லும். இதற்கெல்லாம் ஒரே பயணச்சீட்டுதான். 24 மணி நேரச் சீட்டும் 72 மணி நேரச் சீட்டும் உள்ளன. நாள் கணக்கில்லை, மணிக் கணக்கு என்பதைக் கவனியுங்கள். திங்கள் நண்பகல் முத்திரையிட்டால் வியாழன் நண்பகல் வரை செல்லும். தாள் சீட்டு வாங்கினால், முதல் முறை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத சீட்டு, சீட்டு இல்லாததற்குச் சமம். சோதனையாளர்கள் சாதாரண உடையில் வருவர். நாங்கள் மூவரும் சீட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பெருமையோடு உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த முதிய பெண்மணி ஒருவர் எங்கள் முகத்தையும் மஞ்சள் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, கடைசியில் எழுந்து வந்து தம் விரலால் சுட்டிக் காட்டினார். "டோப்ரீ டென்" என்றால் வணக்கம். "தியெகுயி" என்றால் நன்றி. இந்த இரண்டையும் வானூர்தியிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டாவதை அன்றே பயன்படுத்திவிட்டேன்.

சுரங்க நிலையங்களின் நகரும் படிக்கட்டுகள் நம் ஊர்ப் பேரங்காடிகளில் இருப்பவற்றைவிட நீளம், வேகமும் மிகுதி. முதியவர்களை முன்னால் நிறுத்தி, நாம் ஒரு படி பின்னால் நிற்பது நல்லது. வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு.

இனிப் பணம். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் கொருனா. யூரோவை வாங்கும் கடைகளும் உண்டு. ஆனால் அவர்கள் சொல்வதே விலை. பழைய நகரத் தெருக்களில் "கழிவு 0 விழுக்காடு" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கும் நாணயமாற்றுக் கடைகளைக் கண்டால் நின்று யோசியுங்கள். கழிவு இல்லைதான்; மாற்று விகிதத்திலேயே எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 25 கொருனா கிடைக்க வேண்டிய காலத்தில், என் கணவர் 100 யூரோவைக் கொடுத்து 2,000 கொருனாவுக்கும் குறைவாகப் பெற்று வந்தார். ஆறாம் ஆண்டுக்குக் கணிதம் கற்பிப்பவர் அவர் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டியுள்ளது. 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை, மூன்று மணி நேரத்துக்குள் பற்றுச்சீட்டோடு திரும்பிப் போய் நீக்கிக்கொள்ளலாம். இதை நாங்கள் தங்குமிடத்தார் சொல்லித் தெரிந்துகொண்டபோது நான்கு மணி நேரம் கடந்திருந்தது. நீங்கள் அட்டையையே பயன்படுத்துங்கள். ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஏற்கிறார்கள். பணம் எடுக்கும் இயந்திரமோ கடைக்காரரின் கருவியோ "ரிங்கிட்டில் கழிக்கவா, கொருனாவில் கழிக்கவா?" என்று கேட்டால், எப்போதும் கொருனாவைத் தேர்ந்தெடுங்கள்.

அந்த நட்டக் கணக்கில் எங்களுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. கணவர் வாடிய முகத்தோடு மேசைமேல் பரப்பி வைத்த தாள்களில் 200 கொருனாத் தாள் ஒன்று இருந்தது. நீண்ட தாடியோடு ஒரு முதியவரின் முகம். மறுபக்கத்தில் ஒரு பெரியவரின் கையும் ஒரு குழந்தையின் கையும். "யாரு இந்தத் தாடிக்காரர், ராஜாவா?" என்று அம்மா கேட்டார். இராசா இல்லை, வாத்தியார். யான் ஆமோசு கொமென்ஸ்கி. உலகம் கொமேனியசு என்று அழைக்கும் கல்வியாளர். ஓர் ஆசிரியரின் முகத்தைப் பணத்தாளில் அச்சிட்ட நாட்டில் 20 விழுக்காடு இழந்ததைப் பற்றி நான் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

பயிற்சிக் கல்லூரியில் கல்வித் தத்துவப் பாடத்தில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போகும். தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்திருப்போம். 1592 மார்ச் 28இல் மொராவியாவில் பிறந்தவர். அந்த நாளைத்தான் செக் நாட்டினர் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகின்றனர். நமக்கு மே 16 போல. சமயப் போரினால் நாட்டைவிட்டு வெளியேறி, வாழ்நாளின் பெரும்பகுதியை அயல் நாடுகளில் கழித்தவர். முதல் மனைவியையும் இரு பிள்ளைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். 1656இல் போலந்தின் லெசுனோ நகரம் எரிந்தபோது, பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கையெழுத்துப் படிகள் அவருடைய வீட்டோடு எரிந்தன. இரண்டே ஆண்டு கழித்து, 1658இல், நூரம்பெர்க்கில் அவருடைய படநூல் வெளிவந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண். அந்த எண்ணுக்கு நேராகச் சொல். இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே. முதலாம் ஆண்டு வகுப்பில் நாம் சுவரில் மாட்டும் படங்களும் எழுத்து அட்டைகளும் அந்த வழியில் வந்தவைதாம்.

மலாஸ்திரானா பகுதியில், வால்ட்ஷ்டெயின்ஸ்கா தெருவில், அவர் பெயரால் அமைந்த தேசியக் கல்வியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பச்சைத் தடத்தில் மலோஸ்திரான்ஸ்கா நிலையத்தில் இறங்கி நடக்கலாம். சிறிய இடம், பெரும்பாலான சுற்றுப்பயணிகள் அதைத் தாண்டிக் கோட்டைக்குப் போய்விடுகின்றனர். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொண்டு செல்லுங்கள். ஆசிரியராக இருப்பவர் அரை நாள் ஒதுக்கினால் வருந்தமாட்டார். ஆசிரியர் அல்லாத கணவர்மாரையும் மனைவிமாரையும் அருகிலுள்ள காப்பிக்கடையில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம்.

நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய நகரம் முழுவதும் கற்கள் பதித்த தெரு. சக்கரப் பெட்டியை இழுத்தால் அண்டை அயலார் எல்லாரும் விழித்துக்கொள்ளும் ஓசை எழும். தடித்த அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம். அதுவும் புதியதாக இருக்கக் கூடாது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆகவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஏற்றம் எல்லாம் டிராம் வண்டியில், இறக்கம் மட்டும் நடை. கோட்டைக்குச் செல்ல 22ஆம் எண் டிராம் உண்டு. கோட்டை நிறுத்தத்தையும் தாண்டி பொஹோர்ஷெலெட்ஸ் என்ற நிறுத்தத்தில் இறங்கினால், அங்கிருந்து கோட்டை வாயில் வரை பெரும்பாலும் இறக்கந்தான். உள்ளே இருக்கும் தூய விட்டுசு பேராலயத்தை 1344இல் கட்டத் தொடங்கி 1929இல்தான் முடித்தனர். எங்கள் பள்ளியின் புதிய கட்டடம் நினைவுக்கு வர, கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். "இந்த ஊருச் சூரியனுக்கு வீடு வாசலே இல்லையா?" என்று அம்மா கேட்டார். நிலநடுக்கோட்டுக்காரர்களான நமக்கு இதனால் பசி வேளை தவறும், பிள்ளைகளுக்கு உறக்கம் கெடும். தடித்த திரைச்சீலை உள்ள அறையா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். விடியலும் ஐந்து மணிக்கே வந்துவிடும். அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான் அறிவுடைமை. சார்லசு பாலத்தைக் காலை பத்து மணிக்குப் பார்த்தால் மனிதத் தலைகள் மட்டுமே தெரியும். நாங்கள் ஆறு மணிக்கு முன்பே போனோம். 1357இல் அடிக்கல் நாட்டிய 516 மீட்டர் நீளப் பாலம் எங்களுக்கும், படம் பிடிக்க வந்த ஒரு மணமக்களுக்கும், சில புறாக்களுக்கும் மட்டுமே உரியதாக இருந்தது.

பாலத்தின் இரு பக்கமும் 30 சிலைகள். எல்லாவற்றையும் நின்று பார்க்க வேண்டியதில்லை. தூய பிரான்சிசு சேவியர் சிலையைத் தேடிப் பாருங்கள். 1711இல் பெர்டினான்ட் பிரோகோப் என்ற சிற்பி செய்தது. இப்போது அங்கே நிற்பது படி. கீழை நாட்டு மனிதர்கள் சேவியரைத் தோளில் தாங்குவதுபோல் அமைத்திருக்கிறார்கள். மலாக்காவின் தூய பவுல் குன்றுக்குப் பள்ளிச் சுற்றுலா அழைத்துப் போன எந்த ஆசிரியருக்கும் இவர் புதியவர் அல்லர். அங்கே வலக்கை இல்லாமல் நிற்கிறாரே, அவர்தான். அவர் உடல் கோவாவுக்குப் போகுமுன் சில மாதங்கள் மலாக்காவில்தான் இருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல அவர் தனியா நிக்கிறாரு. இங்க இத்தனை பேரு தூக்கி நிக்கணுமா?" என்றார். பாரந்தாங்கும் முகங்களை நானும் அதன் பிறகுதான் உற்றுப் பார்த்தேன்.

வானியல் கடிகாரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. 1410ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை மணிக்கொரு முறை திருத்தூதர் பொம்மைகள் வந்துபோகும். எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நிமிடம் பணப்பைத் திருடர்களுக்கு நல்ல முகூர்த்தம். கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

உணவு. நம்மில் மாட்டிறைச்சி உண்ணாதவர் பலர். ஆகவே சில சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நலம். "ஹொவ்யெசி" என்றால் மாட்டிறைச்சி, "வெப்ர்ஷொவே" பன்றி, "குர்ஷெட்சி" கோழி, "பெஸ் மாசா" என்றால் இறைச்சி இல்லாமல். சுவிச்கோவா என்று வெண்ணிறக் குழம்பும் மாவுருண்டையுமாக வரும் புகழ்பெற்ற உணவு மாட்டிறைச்சி. குலாசும் பெரும்பாலும் அதுவே. காய்கறி உண்போருக்குப் பொரித்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் எங்கும் கிடைக்கும். மூன்றாம் நாள் அதைப் பார்த்தாலே சலிப்பு வரும். வடிசாறு வகைகளில் இறைச்சித் துண்டோ இறைச்சிச் சாறோ இருக்கக்கூடும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். கேட்காமலே மேசையில் கொண்டுவந்து வைக்கும் ரொட்டிக் கூடைக்கும் பணம் உண்டு. வார நாள்களில் நண்பகல் உணவுப் பட்டியல் மலிவு. நாங்கள் சமையலறை உள்ள அறை எடுத்ததால், இரவில் அம்மா வைத்த இரசமும் பேரங்காடியில் வாங்கிய அரிசியும் எங்களைக் காப்பாற்றின. நெய்தான் இல்லை.

மூன்றாம் நாளை யூதர் குடியிருப்புக்கு ஒதுக்கியிருந்தோம். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும். நான்கு நாள் பயணத்தில் இதை மறந்தால் பார்க்காமலே திரும்ப நேரிடும். ஒரே சீட்டில் பல தொழுகைக் கூடங்களையும் பழைய இடுகாட்டையும் பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்க்க முயலாதீர்கள். பிங்காசு தொழுகைக் கூடத்தில் தொடங்குங்கள், அதுவும் திறந்தவுடனே.

உள்ளே சிலையோ விளக்கோ அலங்காரமோ கண்ணில் படாது. சுவர் முழுவதும் பெயர்கள். நாட்சிகள் கொன்ற பொகீமிய, மொராவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர், பிறந்த நாள், கடைசியாகத் தெரிந்த நாள் ஆகியவற்றைச் சிவப்பும் கறுப்புமாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். 1950களில் எழுதிய பெயர்கள் அவை. 1968க்குப் பிறகு கூடத்தை மூடி வைத்திருந்த காலத்தில் ஈரத்தால் கெட்டு அழிந்தன. 1990களில் மீண்டும் முதலிலிருந்து எழுதினர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர் என் தாயார். அந்த எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்று, ஒரு குடும்பப் பெயரின் கீழ் இருந்த பிறந்த ஆண்டுகளை விரலால் தொடாமல் காற்றிலேயே எண்ணினார். "இது மூணு வயசு பிள்ளை," என்றார். அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

மேல்மாடியில் ஓவியங்கள் இருக்கின்றன. பிராக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள தெரெசின் என்ற கோட்டை நகரத்தில் யூதரை அடைத்து வைத்திருந்தபோது, அங்கிருந்த பிள்ளைகள் வரைந்தவை. பள்ளி நடத்தத் தடை இருந்தது. வரையவும் பாடவும் விட்டிருந்தார்கள். ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைசு என்ற ஓவியர் அங்கே ஆசிரியரானார். 1898இல் வியன்னாவில் பிறந்தவர். வைமாரில் பௌகவுசு கலைப்பள்ளியில் பயின்றவர். 1942 டிசம்பரில் தெரெசினுக்கு அனுப்பியபோது, எடுத்துச் செல்ல அனுமதித்த சிறு சுமையில் வரைபொருள்களைக் கொண்டுபோனார். தாள் கிடைக்காதபோது அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் வரையச் செய்தார். கிழித்து ஒட்டச் செய்தார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவர் வழக்கம். அங்கே அந்தப் பிள்ளைகளை எண்ணாகப் பட்டியலிட்டிருந்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 1944 அக்டோபரில் அவரை ஆசுவிட்சுக்கு அனுப்பி அங்கே கொன்றார்கள். போகுமுன், ஏறத்தாழ 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து விட்டுச் சென்றிருந்தார். போர் முடிந்தபின் அவை பிராக் வந்து சேர்ந்தன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் வரவில்லை.

வீடு, பூ, பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேசை, அடுக்குக் கட்டில். எந்த நான்காம் ஆண்டு மாணவனும் வரையக்கூடிய படங்கள். ஓரத்தில் பெயர். அதன் அருகே அருங்காட்சியகத்தார் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். விடுமுறைக்கு இரண்டு வாரத்துக்கு முன், காட்சிக் கலைக்கல்வி நேரத்தை எடுத்துக்கொண்டு கருத்துணர்தல் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். நம்மில் யார் அதைச் செய்யாதவர்? ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வு 2021இலேயே நீக்கப்பட்டும், நம் பழக்கம் நீங்கவில்லை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் ஒரு லோரியை வரைந்துகொண்டிருந்தான். அவன் அப்பா லோரி ஓட்டுநர். தாளைப் பிடுங்கி, வகுப்பு முன்னிலையில் தூக்கிக் காட்டி, "இதுதான் நான் கேட்ட விடையா?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், சிரிக்காமல் இருக்க முடியாதல்லவா. தாளை என் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அந்த மாடியில், ஒரு படிவத்தாளின் பின்பக்கத்தில் வரைந்த படத்தின் முன் நின்றபோது, அந்த இழுப்பறை நினைவுக்கு வந்தது. கீழே போக எனக்குச் சற்று நேரம் தேவைப்பட்டது. கணவர் ஏன் என்று கேட்டார். முழங்கால் வலி என்று சொன்னேன்.

பெற்றோர்களுக்கு: பிள்ளைகளை இங்கே அழைத்துச் செல்லலாமா என்று கேட்டால், பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்துச் செல்லலாம் என்பேன். முதல் நாள் இரவே உட்கார வைத்து, அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று அவசரமாக விளக்காதீர்கள். அன்று வேறு எந்த இடத்துக்கும் திட்டமிடாதீர்கள். ஆற்றங்கரையில் உட்காரப் போதிய இடம் இருக்கிறது. தெரெசினுக்கே செல்ல விரும்புவோர் ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும். நாங்கள் அம்மாவுக்காகப் போகவில்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் யான் பலாக் சதுக்கம். 1348இல் நிறுவிய சார்லசு பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் அதில் இருக்கிறது. சோவியத் படை நுழைந்ததை எதிர்த்து 1969 சனவரியில் தீக்குளித்த மாணவர் யான் பலாக் அந்தப் புலத்தில் படித்தவர். சுவெலபில் தமிழ் கற்பித்த பல்கலைக்கழகமும் இதுவே. அந்தப் படையெடுப்புக்குப் பிறகு அவரும் நாட்டைவிட்டு வெளியேறினார். பின்னர் நெதர்லாந்தின் உத்ரெக்டில் கற்பித்து, 2009இல் பிரான்சில் மறைந்தார். 1964இல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தொடங்கியபோது தனிநாயகம் அடிகளாரோடு உடனிருந்தவர்களுள் ஒருவர். அந்த மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில்தானே நடந்தது. வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். உள்ளிருந்து வந்த மாணவி ஒருத்தி, எடுத்துத் தரவா என்று சைகையில் கேட்டாள். படத்தில் கட்டடமும் இருக்கிறது, என் தலை பாதியும் இருக்கிறது.

நான்காம் நாள் கடை கண்ணிக்குப் போனது. குழாய் வடிவில் சுட்டுச் சருக்கரை தூவி விற்கும் திர்தெல்னிக் என்ற பண்டத்தைப் பழம்பெரும் பிராக் உணவு என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சுற்றுப்பயணிகளுக்காக அண்மைக் காலத்தில் பரவியதுதான். சூடாக இருந்தால் நன்றாகவே இருக்கிறது. மர விளையாட்டுப் பொருள்களும் வண்ணப் பென்சில்களும் வாங்கத் தக்கவை. அந்நாட்டுப் பென்சில்கள் நல்லவை. நான் 24 நிறப் பெட்டி இரண்டு வாங்கினேன்.

பள்ளி திறந்த முதல் வாரம், காட்சிக் கலைக்கல்வி நேரத்தில், இழுப்பறையிலிருந்த தாளை எடுத்து அந்த மாணவனிடம் கொடுத்தேன். அன்று நான் செய்தது தவறு என்று வகுப்பு முன்னிலையிலேயே சொன்னேன். சொல்வது எளிதாக இல்லை. அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயர் எழுதச் சொன்னேன்.

"முன்னாலயா டீச்சர், பின்னாலயா?"

"படத்துக்குக் கீழே."

எழுதினான். பிறகு பென்சில் பெட்டியைப் பார்த்து, லோரிக்குச் சக்கரம் இன்னும் நாலு போட வேண்டும், அப்பா ஓட்டுவது பெரிய லோரி என்றான்.